வெள்ளித்திரை காட்டும் வரலாறு

நமது கல்விச் சங்கத்தின் மாலை வகுப்பில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். நந்தனாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வருமாறு மாணவர்களிடம் கூறியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவன், "நந்தனார் ஒரு வேதியரின் பண்ணையில் வேலை செய்தார். சிதம்பரம் போக வேதியர் விடை தரவில்லை. நாற்பது வேலி நிலத்தையும் ஓரிரவில் அறுவடை செய்தால் போகலாம் என்றார்" என்று எழுதி வந்தான். எங்கே படித்தாய் என்று கேட்டேன். படிக்கவில்லை, தொலைக்காட்சியில் பழைய படம் ஒன்றைப் பாட்டியோடு பார்த்ததாகச் சொன்னான். பெரிய புராணத்தின் உரைநடைச் சுருக்கம் ஒன்றை அவன் கையில் கொடுத்து, இதிலும் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். மறுநாள் வகுப்பு தொடங்கும் முன்பே ஓடி வந்தான். "ஐயா, இதில் வேதியரையே காணோமே!" என்றான்.

அந்த ஒரு வியப்பே வரலாற்றுக் கல்வியின் தொடக்கம் என்று நான் கருதுகிறேன். அதனினும் முக்கியமானது அவன் அடுத்துக் கேட்ட கேள்வி. "அப்படியானால் என் பாட்டி நம்பியதெல்லாம் பொய்யா?" என்றான். அன்று அவனுக்கு உடனடியாக விடை சொல்ல என்னால் இயலவில்லை. அந்த விடையைத் தேடி நான் படித்தவையும் வகுப்பில் நாங்கள் சேர்ந்து கண்டவையுமே இக்கட்டுரை.

கொட்டகையும் கல்விக்கூடமும்

திரைப்படத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. படிக்கும் பிள்ளைகள் சினிமா பார்த்தல் ஆகாது என்று கூறிய காலம் மலையேறிவிட்டது. அன்றியும், நம் மக்களின் வாழ்வில் திரைப்படக் கொட்டகைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவர்கள், ஊர்க் கிணற்றில் நீர் இறைக்க விடப்படாதவர்கள், தேநீர்க் கடையில் தனிக் குவளை வைக்கப்பட்டவர்கள், கொட்டகையில் மட்டும் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி மற்றவர்களோடு ஒரே கூரையின் கீழ் அமர்ந்தனர். பிறப்பைப் பாராமல், கொடுக்கும் கட்டணத்தைப் பார்த்து இடம் தந்த பொது அரங்கு அது. திரைப்பட அரங்கின் இந்தச் சமூகப் பொருளை ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். பல்லாவரம், தாம்பரம் வட்டாரத்தில் நம் முன்னோர் பலர் கல்லுடைத்தும் கட்டட வேலை செய்தும் ஈட்டிய கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து மணல் தரையில் அமர்ந்து படம் கண்டதும் இதனால்தான்.

எழுதப் படிக்க வாய்ப்பில்லாத தலைமுறைக்குக் கொட்டகையே கல்விக்கூடமாயிற்று. கட்டபொம்மனையும் மதுரை வீரனையும் நந்தனாரையும் அவர்கள் அங்கேதான் அறிந்தனர். கல்விக்கூடம் என்றால் அங்கே ஆசிரியர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதோடு நில்லாமல், எழுந்து நின்று கேள்வி கேட்கவும் வேண்டும் அல்லவா? வெள்ளித்திரையிடம் அவ்வாறு கேள்வி கேட்க அத்தலைமுறைக்கு வழியில்லை. நூலகமும் ஏடும் எட்டும் தொலைவில் உள்ள இத்தலைமுறைக்கு அந்த வழி உண்டு.

நந்தனார் கதையின் படிகள்

இப்பொழுது அம்மாணவன் கண்ட வியப்பிற்கு வருவோம். நந்தனார் என்று நாம் அழைக்கும் திருநாளைப்போவாரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை. அதில் அவருடைய பெயர் மட்டுமே உண்டு, கதை இல்லை. அடுத்து நம்பியாண்டார் நம்பி தம் திருவந்தாதியில் சில குறிப்புகளைத் தருகிறார். கதை முழுமை பெறுவது பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில்தான். அச்சேக்கிழார் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் பல்லாவரத்திற்கு அண்மையில் உள்ள குன்றத்தூரே. நந்தனார் வரலாற்றை விரித்துரைத்த முதல் பெருங்காவியத்தின் ஆசிரியர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

சேக்கிழார் கூறுவது இது: கொள்ளிடக் கரையைச் சார்ந்த ஆதனூரில், புலைப்பாடியில் நந்தனார் பிறந்தார். ஊரார் விட்டிருந்த மானிய நிலத்தின் விளைவைக் கொண்டு வாழ்ந்தார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளித்தார். திருப்புன்கூரில் அவர் இறைவனை நேரே காணும்படி நந்தி விலகியது. அங்கே அவர் குளம் வெட்டினார். தில்லைக்குச் செல்ல விரும்பியும் தம் பிறப்பை எண்ணித் தயங்கி, நாளைப் போவேன் என்றே நாள்களைக் கழித்தார். ஒருநாள் சென்று, எல்லையிலேயே நின்று வலம் வந்தார். பின்னர், கனவில் வந்த ஆணையின்படி மூட்டப்பட்ட தீயில் இறங்கி, முப்புரி நூல் அணிந்த முனிவராக வெளிப்பட்டுக் கோயிலுள் புகுந்து மறைந்தார்.

இதில் பண்ணை வேதியர் இல்லை. நாற்பது வேலி அறுவடை இல்லை. அவற்றைக் கொண்டு வந்து சேர்த்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். சேக்கிழாருக்கும் அவருக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ எழுநூறு ஆண்டு. பாரதியாரின் கீர்த்தனை கதாகாலட்சேபங்களிலும் நாடக மேடைகளிலும் பெரும்புகழ் பெற்றது. பேசும் படம் வந்ததும், படமெடுத்தோர் பெரிதும் பின்பற்றியது பெரிய புராணத்தை அன்று. மேடையில் புகழ்பெற்ற கீர்த்தனையையே. 1935-ஆம் ஆண்டில் வெளிவந்த நந்தனார் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்தனர். 1942-இல் ஜெமினி நிறுவனம் மீண்டும் எடுத்த படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். மாணவனின் பாட்டி கண்ட வேதியர் இவ்வழியே வந்து சேர்ந்தவர்.

ஆக, பெயர் மட்டும் கூறும் பதிகம், குறிப்புத் தரும் அந்தாதி, கதை கூறும் காவியம், கதையை மாற்றிய கீர்த்தனை, கீர்த்தனையைக் காட்டிய திரைப்படம் என ஐந்து படிகள் உள்ளன. திரையில் நாம் காண்பது ஐந்தாம் படி. அதையே முதற்படி என்று கொண்டால் நம் கால் இடறும்.

வேதியர் ஏன் வந்தார்?

"அப்படியானால் பாட்டி நம்பியது பொய்யா?" என்ற கேள்விக்கு இப்பொழுது விடை காணலாம். வேதியர் நந்தனார் காலத்திற்குச் சான்றுடையவர் அல்லர். ஆயினும் அவர் வெறும் பொய்யும் அல்லர். கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்த தஞ்சை மண்ணில் மிராசுதாரர்களின் நிலத்தில் பண்ணையாள்கள் அடிமைப்பட்டுக் கிடந்தனர். சொந்தக் காரியமாக ஓர் ஊருக்குச் செல்லவும் ஆண்டையின் விடை வேண்டும் என்பது அவர் கண்ணெதிரே கண்ட வாழ்க்கை. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கதைக்குள் அவர் தம் காலத்துப் பண்ணையைப் புகுத்தினார். எனவே அவருடைய நூல் நந்தனாரின் காலத்தைக் காட்டும் சான்று அன்று. அது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பண்ணையடிமை முறையைக் காட்டும் சான்று. அப்பாட்டி வேதியரைக் கண்டு கண்ணீர் விட்டது, தன் பாட்டனும் முப்பாட்டனும் அனுபவித்ததைத் திரையில் கண்டதனால். அந்தக் கண்ணீர் பொய்யன்று.

திரைப்படங்களையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். 1932-இல் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. 1936-இல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது. இவற்றை ஒட்டிய ஆண்டுகளில் நந்தனார் கதை பேசும் படமாக எடுக்கப்பட்டது தற்செயல் அன்று. யாரைக் கோயிலுக்குள் விடலாம் என்று நாடே வாதாடிக் கொண்டிருந்தது. கதையின் முடிவில் வேதியரே நந்தனின் காலில் விழுகிறார். மேல்நிலையில் இருப்போர் மனம் மாறினால் தீண்டாமை ஒழிந்துவிடும் என்ற அக்காலத்துச் சீர்திருத்தக் கருத்துக்கு அது இசைவாக அமைந்தது. சட்டமும் உரிமையும் போராட்டமும் அங்கே இல்லை. பணிவும் பக்தியுமே தாழ்த்தப்பட்டவனுக்கு வழி என்று அது மறைமுகமாகக் கற்பித்தது.

இதனின்று ஒரு பொது விதி பெறலாம். வரலாற்றுப் படம் ஒன்று தான் காட்டும் காலத்திற்குச் சான்றாகாது. தான் எடுக்கப்பட்ட காலத்திற்குச் சிறந்த சான்றாகும். இவ்விதியை மனத்திற் கொண்டால் எந்தப் படமும் நமக்குப் பயன்படும்.

நந்தனார் தீயில் இறங்கியதைப் பற்றியும் மாணவர்கள் கேட்டனர். அவர் தீயிட்டுக் கொல்லப்பட்டார் என்ற கருத்து நம்மவரிடையே வழங்குகிறது. அது வலிமையுள்ள ஊகம், ஆனால் ஊகமே. புராணத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்லத்தக்கது வேறொன்று. எவ்வளவு பெரிய அடியாராயினும், பிறந்த உடம்போடு அவர் கோயிலுக்குள் நுழைந்ததாகப் பாடச் சேக்கிழாராலும் இயலவில்லை. தீயில் மாற்றி, நூல் அணிவித்தே உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தீண்டாமை எத்துணை இறுகிப் போயிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான ஒப்புதல் வேண்டுமா?

அரசர் படங்களில் காணாத சேரி

அரசர்களைப் பற்றிய படங்கள் தமிழருக்குப் பெருமிதம் ஊட்டுவன. 1959-இல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் படத்தில் சிவாஜி கணேசன் முழங்கிய வரி பற்றிய வசனத்தை மனப்பாடமாகச் சொல்லாத சிறுவன் ஒரு காலத்தில் இல்லை. 1798-இல் இராமநாதபுரத்தில் கட்டபொம்மன் ஜாக்சன் துரையைச் சந்தித்ததும், 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் வரலாறு. அந்த வசனம் சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் எழுத்து. இரண்டையும் பிரித்தறியும் மாணவன் வசனத்தையும் சுவைப்பான். தேர்வுத்தாளில் அதை எழுதிவைக்கவும் மாட்டான்.

சோழர் படங்களுக்கு வருவோம். 1973-இல் வந்த ராஜராஜ சோழன் படமும், கல்கியின் புதினத்தைத் தழுவி 2022, 2023 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்த பொன்னியின் செல்வன் படமும் பெரும்பாலோர் அறிந்தவை. பின்னதில் ஆதித்த கரிகாலனின் கொலைக்குப் பாண்டியனுக்கு ஆட்பட்ட சதிகாரர்கள் காரணமாகக் காட்டப்படுகின்றனர். உடையார்குடிக் கல்வெட்டு, கொலையில் தொடர்புடைய சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறித்து, அவர்களுடைய உறவினரின் உடைமைகளும் பறிமுதல் செய்யப்பட்டதைக் கூறுகிறது. அவர்களுள் பிரமாதிராசன் என்னும் அரசாங்கப் பட்டம் பெற்ற பிராமண அதிகாரிகளும் இருந்தனர். படத்தின் பின்னே புதினம், புதினத்தின் பின்னே கல்வெட்டு என்ற வரிசையை மாணவர்கள் உணர்தல் வேண்டும். கல்கி தாம் எழுதியது புதினம் என்றே அறிவித்தார். அதை வரலாறு என்று கொண்டது படிப்பவர் பிழை.

ஆயினும் நம் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி இதனினும் ஆழமானது. அரண்மனையும் போர்க்களமும் கோயிலும் நிறைந்த அந்தப் படங்களில் நம் முன்னோர் எங்கே? தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களிலேயே விடை உள்ளது. கோயிலுக்கு இராசராசன் அளித்த ஊர்களின் நிலக்கணக்கு அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. வரி நீக்கப்பட்ட இடங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம், குளம், கோயில் ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி, பறைச்சுடுகாடு என்ற பெயர்களும் வருகின்றன. வாழும் இடமும் தனி, எரியும் இடமும் தனி என்பதைக் கல்லே கூறுகிறது. அதே கோயிலின் கல்வெட்டில் ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயரும் அவர்கள் குடியிருந்த வீடும் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டுள்ளன. சேரிகளைச் சொல்லும் அந்த நிலக்கணக்கிலோ இடத்தின் பெயர் உண்டு. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர் இல்லை.

இக்கல்வெட்டைக் கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. சேரி மக்கள் அன்றாடம் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை நிலக்கணக்கு கூறாது. ஆனால் 1010-ஆம் ஆண்டளவில் கோயில் எழுந்தபோதே சேரி தனியே இருந்தது என்பது ஐயமற்ற உண்மை. கேமரா அந்தத் திசையில் திரும்பவில்லை. ஒரு படம் சொன்ன பொய்யைக் கண்டுபிடிப்பது எளிது. அது சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிப்பது அரிது. அந்த அரிய பயிற்சியே நம் மாணவர்க்கு வேண்டியது.

நம்மைப் போற்றும் படங்களும்

பிறர் எடுத்த படங்களை மட்டும் சோதித்து, நம்மைப் பெருமைப்படுத்தும் படங்களை அப்படியே ஏற்றுக்கொள்வது நேர்மையன்று. 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்த மதுரை வீரன் படம் நம் மக்களில் பலர் விரும்பிக் கண்டது. அதில் வீரன் காசி மன்னனின் மகனாகப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் குடும்பத்தில் வளர்கிறான். வளர்த்த பெற்றோராக என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் நடித்தனர். இவ்வளவு வீரம் உள்ளவன் எளிய குடியில் பிறந்திருக்க முடியாது என்று கதை கருதுகிறது போலும்! ஆனால் இதைப் படமெடுத்தவரின் கற்பனை என்று குறை கூறிவிட முடியாது. பழைய கதைப்பாடலிலேயே அரச பிறப்பு இடம் பெற்றிருக்கிறது. அதுவும் பின்னர் ஏற்றப்பட்டதே என்று கருதுவோர் உண்டு. படத்தைக் குற்றம் சொல்லும் முன் அதன் மூலத்தையும் பார்த்தல் வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

2021-இல் வந்த ஜெய் பீம் படம் நீதிமன்றத்தில் எளியோர் பெறக்கூடிய நீதியை நாடறியச் செய்தது. அது 1993-இல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டப் பகுதியில் நிகழ்ந்த காவல் கொடுமையையும், அக்காலத்தில் வழக்கறிஞராக இருந்து பின்னர் நீதிபதியான கே. சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்கையும் அடிப்படையாகக் கொண்டது. படத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம் இருளர். உண்மை நிகழ்ச்சியில் குறவர். இருளர் படும் துயரமும் உண்மையே. ஆனாலும் குறவர் பட்ட துன்பம் அவர்கள் பெயரில் பதிவாகவில்லை அல்லவா? நம் பெயர் விடுபட்டதற்கு வருந்தும் நாம், இன்னொரு மக்களின் பெயர் விடுபடும்போதும் கேட்டாக வேண்டும்.

2024-இல் வந்த தங்கலான் படம் கோலார் தங்க வயலைத் தேடிச் சென்ற நம் முன்னோரைக் கற்பனையும் மாயமும் கலந்து காட்டியது. கதை நிகழ்வது 1850 அளவில். கோலாரில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் பெருஞ் சுரங்க வேலை தொடங்கியதோ 1880-ஐ ஒட்டி. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தாழ்த்தப்பட்ட மக்கள் பெருந்தொகையினராக அங்கே சென்று நிலத்தின் அடியில் உழைத்தனர். 2001-இல் சுரங்கம் மூடப்படும் வரை தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். கற்பனைக் கதை என்று அறிந்து அப்படத்தைச் சுவைக்கலாம். உண்மைச் சுரங்கத் தொழிலாளரின் வரலாற்றைத் தனியே படித்தல் வேண்டும்.

நம் பண்டிதர் அயோத்திதாசரின் எழுத்திற்கும் இதே அளவுகோல்தான். 1907 முதல் இராயப்பேட்டையிலிருந்து இதழ் நடத்திய அப்பெருமகன், நந்தன் பண்ணையாள் அல்லன், வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்ட பௌத்த அரசன் என்று எழுதினார். பணிந்து அழும் நந்தனைக் காட்டிலும் அரியணையில் அமர்ந்த நந்தன் நம் நெஞ்சுக்கு இனிக்கிறான். ஆயினும் நெஞ்சுக்கு இனிப்பது சான்று ஆகாது. ஏட்டில் இல்லாத மக்களின் வரலாற்றை வழக்காறுகளிலிருந்து மீட்க முயன்ற முன்னோடி அவர் என்று போற்றுவோம். அவர் கூறியதையும் சான்று கேட்டே ஏற்போம்.

இவ்வழியை நமக்குக் காட்டியவர் அண்ணல் அம்பேத்கரே. 1948-இல் அவர் வெளியிட்ட, தீண்டப்படாதவர்கள் யார் என்பதைப் பற்றிய ஆராய்ச்சி நூலை நந்தனார், இரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்கு உரிமையாக்கினார். அந்நூலின் முன்னுரையில், உண்மையையும் பொய்யையும், உறுதியானதையும் உறுதியற்றதையும் பிரிப்பது வரலாற்றாசிரியனின் கடமை என்ற ஜெர்மன் அறிஞர் கதேயின் கருத்தை எடுத்தாள்கிறார். சான்றுகளின் சங்கிலியில் கண்ணிகள் அறுந்திருக்கும் இடத்தில் பயிற்சி பெற்ற கற்பனையைத் துணைக்கொள்ளலாம் என்றும் கூறுகிறார். ஆனால் ஊகத்தை ஊகம் என்றே அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஊகத்திற்கும் பொய்க்கும் உள்ள வேறுபாடு அதுவே.

செங்கற்பட்டுக் கலெக்டரின் அறிக்கை

ஒரு திரைப்படம் நம்மை உண்மையான ஆவணத்திடம் கொண்டு சேர்ப்பதும் உண்டு. 2019-இல் வந்த அசுரன் படத்தைப் பார்த்துவிட்டு வந்த மாணவர்கள், "பஞ்சமி நிலம் என்றால் என்ன?" என்று கேட்டனர். படத்தின் கதை தென்மாவட்டத்தில் நிகழ்கிறது. அச்சொல்லின் வேரோ நம் காலடியில் இருக்கிறது. 1891-இல் செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலமின்மையும் கடனும் மிராசுதாரரின் பிடியும் அம்மக்களை எவ்வாறு அழுத்தி வைத்திருந்தன என்பதை அதில் விவரித்தார். அதன் விளைவாக 1892-இல் அரசாணை பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஏற்பாடு தொடங்கியது. அந்நிலத்தைப் பிறர் வாங்கலாகாது என்ற கட்டுப்பாடுகளும் வகுக்கப்பட்டன. அன்று தாம்பரமும் பல்லாவரமும் அந்தச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. நம் பாட்டன்மாரின் வாழ்வே அந்த அறிக்கையின் பொருள்.

நிலம் தாளில் வந்தது; தரையில் பல இடங்களில் கைமாறிப் போயிற்று. 1994 அக்டோபரில் இதே மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தின்போது காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். திரையில் கேட்ட ஒரு சொல் 1891-க்கும் 1994-க்கும் நம்மை இட்டுச் சென்றது. அதன்பின் மாணவர் சிலர் தத்தம் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடந்த பழைய பட்டாக்களை எடுத்து முதன்முறையாகப் படித்தனர்.

கட்டபொம்மனைப் போல் திரையில் புகழ் பெறாத நம் தலைவர்கள் எத்தனை பேர்! பரங்கிமலையில் பிறந்த எம். சி. ராஜா ஆசிரியராகப் பணியாற்றிப் பாடநூல்கள் எழுதியவர். சென்னைச் சட்டமன்றத்திலும் பின்னர் மத்தியச் சட்டசபையிலும் நம் குரலாக இருந்தவர். பழைய இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று வழங்க வேண்டும் என்ற தீர்மானம் 1922-இல் அவர் முயற்சியால் சட்டமன்றத்தில் நிறைவேறியது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் இதழ் தொடங்கினார். பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் நம் மக்களுக்கு உரிமை கோரும் தீர்மானத்தை 1924-இல் சட்டமன்றத்தில் கொண்டு வந்தார். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தார். இவர்கள் வரலாற்றுக்கு வாளும் குதிரையும் தேவையில்லை. ஒருவேளை அதனால்தான் திரை இவர்களை நாடவில்லை போலும். அம்பேத்கரைப் பற்றி 2000-இல் ஜப்பார் பட்டேல் எடுத்த படம்கூடத் தமிழில் திரைக்கு வர 2010 வரை காத்திருக்க நேர்ந்தது.

மாணவர்க்கு ஐந்து வினாக்கள்

எங்கள் மாலை வகுப்பில் ஒரு படத்தைப் பற்றிப் பேசும்போது ஐந்து வினாக்களைக் கரும்பலகையில் எழுதுகிறோம். முதலாவது, இக்கதைக்கு மூலம் எது? கல்வெட்டா, அரசு ஆவணமா, காவியமா, புதினமா, வாய்மொழியா? இரண்டாவது, மூலத்திற்கும் நிகழ்ச்சிக்கும், படத்திற்கும் மூலத்திற்கும் இடையே எத்தனை ஆண்டு இடைவெளி? மூன்றாவது, படத்தில் புதிதாகச் சேர்த்தது எது, ஏன்? நான்காவது, விட்டது எது, யாரை? ஐந்தாவது, இப்படம் எடுக்கப்பட்ட காலத்தில் நாட்டில் எது பற்றி வாதம் நடந்தது?

பின்னர் ஏட்டின் பக்கத்தை மூன்றாகப் பிரித்து உறுதியானவை, ஐயத்திற்குரியவை, கற்பனை என்று தலைப்பிட்டு எழுதச் சொல்கிறோம். ஐந்தாறு படங்களை இவ்வாறு எழுதிய மாணவன் பின்னர்ச் செய்தித்தாளையும் தேர்தல் மேடையையும், ஏன், தன் ஆசிரியரையும் அதே வழியில் சோதிக்கத் தொடங்குகிறான். எனக்கே அது பலமுறை நேர்ந்திருக்கிறது. அதற்காக நான் வருந்தவில்லை.

வசதி இல்லை என்று எவரும் கூற வேண்டாம். தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் அங்கே இருக்கின்றன. நம் பெற்றோர் கூலி வேலைக்குச் சென்ற அதே வண்டியில் நாம் நம் வரலாற்றைத் தேடிச் செல்லலாம். வீட்டிலும் ஓர் ஆவணக் காப்பகம் உண்டு: நம் பாட்டிமார். அவர்கள் கூறுவதை எழுதி வையுங்கள். தேதியும் பெயரும் குறித்து வையுங்கள். நாளை ஒருவர் நம்மைப் பற்றிப் படமெடுக்க வரும்போது, அவர் கையில் கொடுப்பதற்கு நம்மிடம் ஏடு இருத்தல் வேண்டும்.

முதலில் குறிப்பிட்ட மாணவன் வளர்ந்து பட்டப்படிப்பை முடித்துவிட்டான். வேதியரைத் தேடிக் காணாமல் ஓடி வந்த அன்று தன் பாட்டியிடம் என்ன சொன்னான் என்று அண்மையில் அவனைக் கேட்டேன். "வேதியர் கதையில் பிறகு சேர்த்தவர் என்று சொன்னேன் ஐயா. பாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, அப்படியானால் எங்கள் தாத்தாவைக் கட்டி வைத்து அடித்தவன் பெயரை உனக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள் என்றாள்" என்றான். எழுதிக்கொண்டாயா என்றேன். எழுதியிருக்கிறேன் என்றான்.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கம், அத்தகைய ஏடுகளைச் சேர்த்துக் காக்கும் இடமாகவும் வளர்க!